இரு மொழிகள் கூடும் இடம்

(மூன்றாமாண்டு கணினி அறிவியல் மாணவர் ஒருவரின் கருத்து)

‘ஜாவா படித்தால் போதுமா, கோட்லினும் படிக்க வேண்டுமா?’ என்னும் கேள்வி நம் துறை மாணவர்களிடையே அடிக்கடி எழுகிறது. பாடத்தில் இருப்பது ஜாவா. கைப்பேசிச் செயலி எழுதும் வேலைக்குப் போனால் பெரும்பாலும் கேட்கப்படுவது கோட்லின். ஆகவே மாணவர் உலகம் இரு கட்சிகளாகப் பிரிந்து நிற்கிறது. ‘ஜாவாவுக்கு வயதாகிவிட்டது, அதை ஓரங்கட்டிவிட்டு நேரே புதுமொழிக்குப் போவோம்’ என்பது ஒரு கட்சி. ‘தேர்வுக்கு வருவது ஜாவாதான், மற்றதை வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பது மறு கட்சி. இரண்டிலும் பாதி உண்மையே இருக்கிறது என்பது என் தாழ்மையான கருத்து. இவ்விரு மொழிகளும் தனித்தனியே வாழ்வன அல்ல. ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்பன. அவை கூடுகின்ற இடத்தைத்தான் நாம் கற்காமல் விட்டுவிடுகிறோம். ஜாவாவில் எழுதப்பட்ட ஜெனரிக் கிளாஸ் ஒன்றை வேறொரு மொழியிலிருந்து நீட்டி எழுதும்போது என்ன நடக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? அதைக் கற்றுத் தந்தாலன்றி நம் பட்டப்படிப்பு முழுமை பெறாது என்பதே நான் இங்கு வலியுறுத்த விரும்புவது.

‘கணிப்பொறிக் கட்டுரையா, நமக்கெதற்கு?’ என்று தமிழ்த்துறை நண்பர்களும் வணிகவியல் நண்பர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கொப்பரையும் தொல்காப்பியமும் இக்கட்டுரையில் வருகின்றன!

ஒரு வீடு, பல மொழிகள்

ஜாவா மொழியைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995-ஆம் ஆண்டு வெளியிட்டது. அம்மொழியில் நாம் எழுதுவது நேரே கணிப்பொறிக்குப் போவதில்லை. கம்பைலர் என்னும் மொழிமாற்றி அதைப் ‘பைட்கோடு’ என்னும் இடைநிலை வடிவத்துக்கு மாற்றிக் ‘கிளாஸ் கோப்பு’ ஒன்றில் வைக்கிறது. அக்கோப்பைப் படித்து இயக்குவது ஜேவிஎம் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஜாவா மெய்நிகர் இயந்திரம். வியப்பு என்னவென்றால், இந்த இயந்திரத்துக்கு ஜாவா மொழி தெரியாது. கிளாஸ் கோப்பு மட்டுமே தெரியும். ஆகவே கிளாஸ் கோப்பை எழுதத் தெரிந்த எந்த மொழியும் இவ்வீட்டில் குடியேறலாம்.

அப்படியே பல மொழிகள் குடியேறின. ஸ்காலா 2004-இல் வந்தது. குளோஷர் 2007-இல் வந்தது. ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் கோட்லின் 2011-இல் அறிவிக்கப்பட்டு, 2016 பிப்ரவரியில் முதற் பதிப்பாக வெளிவந்தது. 2017-இல் கூகுள் நிறுவனம் ஆண்ட்ராய்டுக்குரிய மொழிகளுள் ஒன்றாக அதை ஏற்றுக்கொண்டது; 2019-இல் அதற்கே முதலிடம் என்று அறிவித்தது. ஜாவா ஒரு தீவின் பெயர். கோட்லினும் ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே உள்ள ஒரு தீவின் பெயரே. பெயரால் தீவுகளாயினும் வாழ்க்கையில் இவை தீவுகள் அல்ல.

புதிதாகக் குடிவந்த மொழிகள் எல்லாவற்றையும் தாமே சமைத்துக்கொள்வதில்லை. ஜாவாவில் பல்லாண்டுகளாக எழுதிச் சேர்த்த நூலகங்களை எடுத்து ஆளுகின்றன. எடுத்தாள்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வெளியில் நின்று அழைத்து வேலை வாங்குவது. மற்றொன்று, அந்த கிளாஸின் பிள்ளையாகி, அதன் குணங்களைப் பெற்று, தனக்கென்று சிலவற்றைச் சேர்த்துக்கொள்வது. இதைத்தான் ‘எக்ஸ்டெண்டு செய்வது’ என்கிறோம். அழைப்பது எளிது. பிள்ளையாவது கடினம். தாய் ஜெனரிக் கிளாஸாக இருந்துவிட்டாலோ கடினம் இரட்டிப்பாகிறது.

கிடங்கும் சீட்டும்

ஜெனரிக் கிளாஸ் என்றால் என்ன? ஆனைமலைக்காரர்களுக்கு இதை விளக்க வெளியூர் உவமை தேவையில்லை. நம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் உழவர்கள் கொண்டுவரும் கொப்பரை தரம் பிரிக்கப்பட்டு ஏலம் போவதை நாம் அறிவோம். அதுபோன்ற ஒரு கிடங்கைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கொப்பரைக்கு ஒன்று, மிளகுக்கு ஒன்று, காப்பிக்கொட்டைக்கு ஒன்று என்று தனித்தனியே வரைபடம் போட வேண்டுமா? வேண்டாம். ஒரே வரைபடம் போதும். எந்தப் பொருள் என்னும் இடத்தை மட்டும் வெற்றிடமாக விட்டுவிடலாம். கிடங்கு<பொருள்> என்று ஒருமுறை எழுதி வைத்து, வேண்டும்போது கிடங்கு<கொப்பரை> என்றோ கிடங்கு<மிளகு> என்றோ நிரப்பிக்கொள்ளலாம். இதுதான் ஜெனரிக் கிளாஸ். கொப்பரைக் கிடங்கில் எவரேனும் மிளகு மூட்டையை இறக்க வந்தால், கம்பைலர் வாசலிலேயே தடுத்துவிடும்.

ஜாவாவுக்கு இவ்வசதி பிறவியில் வாய்த்ததன்று. 2004-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்குள் ஒன்பது ஆண்டுகளாக எழுதப்பட்ட நிரல்கள் உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்தன. பழையதைக் கெடுக்காமல் புதியதைப் புகுத்த வேண்டும். ஆகவே ஒரு சமரசம் செய்துகொண்டார்கள். மூட்டைக்குச் சீட்டுக் கட்டி வாசலில் சோதிப்பது. சோதனை முடிந்ததும் சீட்டைக் கிழித்துவிடுவது. இதற்கு ‘டைப் இரேஷர்’, அதாவது வகை அழிப்பு என்று பெயர். உள்ளே இருக்கும் ஜேவிஎம்முக்கு எல்லாம் வெறும் மூட்டைகளே. மூட்டையை வெளியே எடுக்கும்போது ‘இது கொப்பரைதானா?’ என்று பிரித்துப் பார்க்கும் கட்டளையைக் கம்பைலரே சேர்த்து எழுதிவிடுகிறது.

ஆனால் செய்தி முழுவதும் அழிந்துபோவதில்லை. மூட்டையின் சீட்டு போனாலும் கிடங்கின் பதிவேடு இருக்கிறது. கிளாஸ் கோப்பில் ‘சிக்னேச்சர்’ என்னும் ஒரு பகுதி உண்டு. இந்த கிளாஸ் எந்த வெற்றிடத்தோடு எழுதப்பட்டது, இதன் மெத்தடுகள் எந்த வகைப் பொருளைக் கேட்கின்றன என்பவை அதில் பதிவாகியிருக்கும். நிரலை இயக்கும்போது ஜேவிஎம் அப்பதிவேட்டைப் பொருட்படுத்துவதில்லை. வேறு மொழியின் கம்பைலரோ அதைத்தான் புரட்டிப் பார்க்கிறது. இரு மொழிகள் கூடும் இடம் அந்தப் பதிவேடுதான்.

பிள்ளையாவதில் உள்ள தொல்லைகள்

ஆண்ட்ராய்டு திரையில் நீண்ட பட்டியலைக் காட்டுவதற்கு ‘ரீசைக்ளர்வியூ’ என்னும் கிளாஸ் 2014-இல் வந்தது. அதன் ‘அடாப்டர்’ ஜாவாவில் எழுதப்பட்ட ஜெனரிக் கிளாஸ். ‘வியூஹோல்டர்’ வகையைச் சேர்ந்த ஒன்றைத்தான் அதன் வெற்றிடத்தில் நிரப்பலாம் என்பது விதி. நம் மாணவர் ஒருவர் கொப்பரை விலையைக் காட்டும் சிறு செயலியைக் கோட்லினில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ‘விலைவரி’ என்று ஒரு வியூஹோல்டரை அமைத்து, அடாப்டர்<விலைவரி> என்பதன் பிள்ளையாகத் தம் கிளாஸை எழுதியாக வேண்டும். 2021-க்குப் பின் ‘கம்போஸ்’ என்னும் புதுமுறை பரவி வருவது மெய்தான். ஆயினும் அதற்கு முன் எழுதப்பட்ட எண்ணற்ற செயலிகள் இந்த முறையில்தான் நிற்கின்றன. முதல் வேலைக்குப் போகும் இளைஞரின் கையில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் பிறர் எழுதிய பழைய நிரலே அன்றோ?

இங்கே நான்கு தொல்லைகள் காத்திருக்கின்றன.

முதலாவது, பாலம். மாணவர் எழுதிய மெத்தட் ‘விலைவரி’யைக் கேட்கிறது. சீட்டுக் கிழிந்த உலகில் வாழும் ஜேவிஎம்மோ ‘வியூஹோல்டர்’ கேட்கும் மெத்தடைத் தேடுகிறது. பெயர் ஒன்று, கேட்கும் வகை வேறு. ஆகவே கோட்லின் கம்பைலர் ‘பிரிட்ஜ் மெத்தட்’ என்னும் ஒரு பாலத்தைத் தானே எழுதிக்கொள்கிறது. அந்தப் பாலம், வந்த பொருள் விலைவரிதானா என்று சோதித்து, மாணவரின் மெத்தடிடம் ஒப்படைக்கிறது. ஜாவா கம்பைலரும் செய்வது இதுவே. தவறான பொருள் வந்தால் பிழை வெடிப்பது அந்தப் பாலத்தில்தான். மாணவர் எழுதாத ஒரு வரியில்! பாலம் இருப்பதே தெரியாதவர் பிழையை எங்கே போய்த் தேடுவார்?

இரண்டாவது, ‘நல்’ என்னும் வெறுமை. உச்சரிப்பில் நல்லதுபோல் ஒலித்தாலும் நிரலாளருக்கு இதைப்போல் கெட்டது வேறில்லை. கோட்லின், வெறுமையாக இருக்கலாம் என்னும் வகையையும் இருக்கக்கூடாது என்னும் வகையையும் பிரித்தே எழுதச் சொல்கிறது. ஜாவாவின் வகைகளில் அப்பிரிவு இல்லை. தனிக்குறிப்பு ஏதேனும் எழுதி வைத்திருந்தால் உண்டு. ஆகவே ஜாவாத் தாயின் மெத்தடை மறுபடி எழுதும்போது, வருவது வெறுமையாக இருக்கக்கூடுமா என்பதைப் பிள்ளையே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. ‘இருக்காது’ என்று எழுதிவிட்டு, தாய் வெறுமையை அனுப்பிவிட்டால், நிரல் ஓடும்போது நின்றுவிடும்.

மூன்றாவது, திசை. கொப்பரை ஒரு விளைபொருள்தான். அப்படியானால் கிடங்கு<கொப்பரை> என்பதைக் கிடங்கு<விளைபொருள்> என்று கொள்ளலாமா? எடுக்க மட்டும் வருகிறவருக்குக் கொள்ளலாம்; எதை எடுத்தாலும் அது விளைபொருளாகவே இருக்கும். இறக்க வருகிறவருக்குக் கொள்ளக்கூடாது. அவர் மிளகு மூட்டையை இறக்கிவிடுவார். ஜாவா இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தும் ஒவ்வோரிடத்திலும் கேள்விக்குறி போட்டு எழுதச் சொல்கிறது. கோட்லினும் ஸ்காலாவும் கிளாஸை அமைக்கும்போதே ஒருமுறை எழுதிவிட இடம் தருகின்றன. ஜாவாவின் கேள்விக்குறிகளைக் கோட்லின் ‘இன்’, ‘அவுட்’ என்னும் சொற்களாகப் படிக்கிறது. பிள்ளை எழுதும் மெத்தடில் இவற்றுள் ஒன்று பிசகினால், ‘தாயிடம் இப்படி ஒரு மெத்தடே இல்லை’ என்று கம்பைலர் கைவிரித்துவிடும்.

நான்காவது, பதிவேடே இல்லாத பழங்கிடங்கு. 2004-க்கு முன் எழுதப்பட்டவையும், அதற்குப் பின் சோம்பலால் வெற்றிடத்தை நிரப்பாமல் எழுதப்பட்டவையும் இன்னும் புழக்கத்தில் உள்ளன. இவற்றை ‘ரா டைப்’ என்பார்கள். ஜாவா, எச்சரிக்கை ஒன்றைச் சொல்லிவிட்டு இவற்றை ஏற்றுக்கொள்ளும். கோட்லின், ‘எதுவோ ஒன்று’ என்று நட்சத்திரக் குறி போட்டுப் படித்துக்கொள்ளும். ஸ்காலா போன்ற கண்டிப்பான மொழிகளில் இத்தகைய தாய்க்குப் பிள்ளை எழுதுவது சில இடங்களில் கைகூடாமலே போகும். அப்போது சிறிய ஜாவா கிளாஸ் ஒன்றை இடையில் வைத்து, அதற்குப் பிள்ளையாவதுதான் வழி. ஜாவாவை மூட்டை கட்டச் சொல்லும் கட்சியினர் இதைக் கவனிக்க வேண்டும். புதுமொழி கற்றவருக்கு ஆபத்தில் கைகொடுப்பது சில வரி ஜாவாவே!

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியையும் சொல்ல வேண்டும். மார்ட்டின் ஓடர்ஸ்கியும் பிலிப் வாட்லரும் 1997-இல் ‘பீட்சா’ என்னும் மொழியை உருவாக்கி, ஜாவாவில் ஜெனரிக் வசதியைச் சேர்த்துக் காட்டினார்கள். 1998-இல் கிலாட் பிராக்காவும் டேவிட் ஸ்டௌட்டமையரும் அவர்களோடு சேர, ‘ஜிஜே’ என்னும் மொழி பிறந்தது. 2004-இல் ஜாவா ஏற்றுக்கொண்ட ஜெனரிக் வசதி இவ்வழி வந்ததே. அதே ஓடர்ஸ்கிதான் ஸ்காலாவையும் படைத்தார். பழைய மொழியில் தாம் செய்ய உதவிய சமரசத்தோடு தம் புதிய மொழியிலும் அவர் மல்லாட வேண்டியதாயிற்று. பழையதை வெறுத்தவர் புதியதைப் படைக்கவில்லை. பழையதை அடிவரை அறிந்தவரே படைத்தார் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

தொல்காப்பியம் அறிந்த சிக்கல்

பிறமொழிப் பொருளைத் தன் வீட்டுக்குள் கொண்டுவரும் சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் எச்சவியலில் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். வடசொல்லை விலக்கி வைக்கவில்லை. வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்திவரச் செய்ய வேண்டும் என்று விதி வகுத்தார். வேற்றுச்சொல் வரலாம், ஆனால் இவ்வீட்டு ஒலிமுறைக்கு உட்பட்டு வர வேண்டும். நாமும் அன்றாடம் ‘பஸ்ஸிலிருந்து இறங்கி, பேங்குக்குப் போய்’ என்று பேசுகிறோம். பகுதி வேற்றுமொழி, விகுதியும் வேற்றுமை உருபும் நம்முடையவை. தாய் அயல்மொழி, பிள்ளை நம் மொழி!

எழுத்து நீங்கும்போது சில வேறுபாடுகளும் நீங்கிவிடுகின்றன. வால்பாறைத் தோட்டத்தில் விளைவதும் ‘காப்பி’. தேர்வு மண்டபத்தில் சிலர் அடிப்பதும் ‘காப்பி’. ஆங்கிலத்தில் வெவ்வேறாக ஒலிக்கும் இரு சொற்கள் நம் பேச்சில் ஒன்றாகிவிட்டன. இடம் நோக்கிப் பொருள் கொள்கிறோம். வகை அழிப்பிலும் இதே விபத்து நேர்கிறது. கிடங்கு<கொப்பரை>யைக் கேட்கும் ஒரு மெத்தடையும் கிடங்கு<மிளகு>ஐக் கேட்கும் மற்றொரு மெத்தடையும் ஒரே பெயரில் ஒரே கிளாஸில் எழுதினால், சீட்டுக் கிழிந்தபின் இரண்டும் ஒன்றாகிவிடும். ஜாவா அதை அனுமதிப்பதில்லை. கோட்லினிலோ கிளாஸ் கோப்புக்கு மட்டும் ஒன்றுக்கு வேறு பெயர் சூட்டி அனுப்பும் வசதி சில இடங்களில் உண்டு. மொழியியல் படித்தவருக்கு இச்சிக்கல் உடனே விளங்கும். கலைக்கல்லூரி மாணவருக்கு இந்நுட்பங்கள் எட்டா என்று எண்ணுவோர் இதைச் சிந்திப்பார்களாக.

இலங்கை காட்டும் மற்றொரு வழி

இந்த ஜேவிஎம் வீட்டில் நம் அண்டை நாட்டு மொழி ஒன்றும் குடியிருக்கிறது. இலங்கையில் 2005-இல் தொடங்கப்பட்ட டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் உருவாக்கிய ‘பாலரினா’ என்னும் மொழியே அது. 2017-இல் அறிமுகமாகி, 2019 செப்டம்பரில் முதற் பதிப்பாக வந்தபோது அது பைட்கோடாக மாறி ஜேவிஎம்மில் இயங்கியது. கோட்லினைப்போல் அது ஜாவா கிளாஸுக்குப் பிள்ளையாக முயல்வதில்லை. ஜாவாப் பொருளை ‘ஹேண்டில்’ என்னும் ஒரு பிடியால் மட்டும் பிடித்துக்கொள்கிறது; அதை ஜாவாவின் மெத்தடுகளிடமே கொடுத்து வேலை வாங்குகிறது. பிடியின் உள்ளே என்ன இருக்கிறது என்பது பாலரினாவின் கவலை அன்று. ஜாவா கிளாஸைக் கொடுத்தால் அதற்குரிய இணைப்பு நிரலைத் தானே எழுதித்தரும் கருவியும் உண்டு. குளோஷரின் வழி வேறு. அதற்கு முன்கூட்டியே வகை பார்க்கும் வழக்கம் இல்லையாதலால், சீட்டைப் பற்றிய கவலையே இன்றி ஜாவா கிளாஸுக்குப் பிள்ளையாகிவிடுகிறது. பிழை இருந்தால் ஓடும்போதுதான் தெரியும்.

ஆக, மூன்று வழிகள்: முழு உறவு கொண்டு தொல்லைகளையும் ஏற்பது, உறவு கொண்டு சீட்டைப் பாராமல் விடுவது, எட்ட நின்று பிடியை மட்டும் பிடிப்பது. எது சிறந்தது என்று தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு என்பதையும், அவ்விலையை யார், எப்போது கொடுக்கிறார்கள் என்பதையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

எதிர்வாதங்கள்

‘இவையெல்லாம் பொறியியல் கல்லூரிக்காரர்களுக்கு, நமக்கு ஏன்?’ என்பார் உளர். நம்மில் பலர் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். கோட்டூரிலிருந்தும் வேட்டைக்காரன்புதூரிலிருந்தும் வந்து படிப்பவர்களுக்கு மாநகரத்துத் தனிப்பயிற்சி நிலையங்கள் எட்டாத தொலைவு. வகுப்பறையில் கிடைப்பதுதான் அவர்களுக்குக் கிடைப்பது. பொறியியல் மாணவர் பிற இடங்களிலும் கற்றுக்கொள்வார்; நம்மவர் இங்கே கற்காவிட்டால் நேர்முகத் தேர்வு அறையில்தான் முதன்முதலாகக் கேள்விப்படுவார். அது எத்துணைப் பெரிய அநீதி!

‘இப்போது செயற்கை அறிவே நிரலை எழுதித் தருகிறதே’ என்பாரும் உளர். தரட்டும். எழுதித் தந்த நிரல் பாலத்தில் உடைந்து நிற்கும்போது, உடைந்த இடம் இன்னதென்று கண்டு, திருத்தம் சரியா தவறா என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டுமே! எழுதும் வேலை இயந்திரத்துக்குப் போகப் போக, படித்துத் தீர்ப்புச் சொல்லும் வேலையே மனிதருக்கு மிஞ்சும். அதற்கு மொழியின் மேற்பரப்பு போதாது. அடித்தளம் தெரிய வேண்டும்.

‘நேரமில்லை’ என்னும் வாதம் மட்டுமே நியாயமானது. பாடங்கள் மிகுதி, ஆய்வுக்கூட நேரம் குறைவு. ஆனால் நான் கேட்பது புதிய பாடமன்று. ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு பயிற்சி.

செய்ய வேண்டியது

கிடங்கு<பொருள்> என்று ஒரு சிறு ஜெனரிக் கிளாஸை ஜாவாவில் எழுதட்டும். அதற்குப் பிள்ளையாகக் கொப்பரைக் கிடங்கை முதலில் ஜாவாவிலும், பிறகு கோட்லினிலும் எழுதட்டும். இரண்டின் கிளாஸ் கோப்புகளையும் ‘ஜாவா-பி’ என்னும் கருவியால் திறந்து பார்க்கட்டும். இக்கருவி ஜாவா மென்பொருள் தொகுப்போடு இலவசமாகவே வருகிறது. கோட்லின் கம்பைலரும் இலவசமே. பழைய கணிப்பொறியிலும் இவை ஓடும். கட்டளை வரி போதும். சிக்னேச்சர் என்னும் பதிவேடும், கம்பைலர் தானே எழுதிக்கொண்ட பாலமும் அப்போது கண்முன் தெரியும். மூன்று மாதம் மனப்பாடம் செய்தும் விளங்காதது மூன்று மணி நேரத்தில் விளங்கும். அதன்பின் வேண்டுமென்றே வெற்றிடத்தை நிரப்பாமல் எழுதி, வரும் எச்சரிக்கைகளையும் பிழைச் செய்திகளையும் குறிப்பேட்டில் தமிழில் விளக்கி எழுதட்டும். பிழைச் செய்தியைத் தன் மொழியில் சொல்லத் தெரிந்தவருக்கே அது உண்மையில் புரிந்தது என்று பொருள்.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான வேண்டுகோள் இதுதான்: ஜெனரிக்கை இரண்டு கோணக் குறிகளாக மட்டும் நடத்தி முடித்துவிடாதீர்கள், அதன் பின்னால் உள்ள பதிவேட்டைத் திறந்து காட்டுங்கள். மாணவ நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: எம்மொழி பெரிது என்று கட்சி கட்டுவதை விடுங்கள். இன்று கோட்லின், நாளை வேறொன்று வரும். எது வந்தாலும் அது முன்னிருந்ததன் மேல்தான் கட்டப்படும். அந்தக் கட்டுமானத்தின் மூட்டுவாயை அறிந்தவர் எம்மொழிக்கும் அஞ்ச வேண்டியதில்லை. வரும் பருவத்திலேனும் அந்த ஒரு பயிற்சி நம் ஆய்வுக்கூடத்தில் நடைபெறட்டும்.